சுகர் நோயாளி வீட்டில் ஆஸ்பத்திரி ஆப்பையும் ஆபாவையும் உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி

சுகர் வந்துவிட்டால் ஒரே டாக்டர், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஃபைல் என்று யாருக்கும் அமைவதில்லை. சுகருக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு வேறொருவர், இரத்தப் பரிசோதனை தெருமுனை லேபில், நடுவில் நெஞ்சுவலி என்று ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்த்த ஆஸ்பத்திரி இன்னொன்று, மகள் வீட்டுக்குப் போய் நாலு மாதம் இருந்தால் அங்கே ஒரு கிளினிக். இருபது முப்பது வருடம் கூடவே வரும் நோய் இது. அந்த வருடங்கள் முழுக்கக் கூட இருந்து பார்ப்பது நோயாளியும் வீட்டுக்காரர்களும் மட்டும்தான். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பீரோ மேல் ஒரு துணிக்கடைப் பை, அதற்குள் மடங்கிப்போன ரிப்போர்ட்டுகள், எந்த வருடத்தியது என்றே தெரியாத மருந்துச் சீட்டுகள்.

2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ என்ற ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. இவ்வளவு பேரில் பெரும்பாலானவர்களின் கணக்கு இன்னும் அந்தத் துணிக்கடைப் பையில்தான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளும் லேப்களும் ஆப், போர்டல் (நோயாளியே நுழைந்து தன் ரிப்போர்ட்டைப் பார்க்கும் இணையப் பக்கம்) என்று கொடுத்துவிட்டார்கள், அரசு ஆபா என்று ஒரு டிஜிட்டல் சுகாதாரக் கணக்கைக் கொண்டுவந்திருக்கிறது, ஆனால் ரிப்போர்ட் வந்ததும் ஒரு தடவை திறந்து பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைப்பது சின்னப் பயன். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை வைத்து, மூன்று வருடத்தை ஒரே வரிசையில் பார்ப்பதுதான் பெரிய பயன். சுகரில் தனி எண் சொல்வது கொஞ்சம், வரிசை சொல்வதுதான் அதிகம். அந்த வரிசையை எப்படி உருவாக்குவது, எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எங்கே தொடங்குவது

எல்லா ஆப்பையும் ஒரே நாளில் இறக்கிப் போடாதீர்கள். சுகருக்கு வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் போர்டல் இருந்தால் அதுதான் முதலில். அங்கே போர்டல் இல்லை, சின்ன கிளினிக் என்றால், வழக்கமாக இரத்தம் கொடுக்கும் லேபின் ஆப். அரசு ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்ப்பவர்களுக்கு ஆபா. மூன்றில் ஏதோ ஒன்று ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவு செய்வது அஞ்சு நிமிட வேலைதான், ஆனால் அந்த அஞ்சு நிமிடத்தில் நடக்கும் கோளாறு வருடக்கணக்கில் பின்னாலேயே வரும். முதல் கோளாறு கைபேசி எண். பத்து வருடத்துக்கு முன்னால் ஓ.பி. சீட்டு போட்டபோது கூடப் போன மருமகனின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அவர் அந்த எண்ணையே மாற்றியிருப்பார், இப்போது ஓடிபி எங்கோ முகம் தெரியாதவருக்குப் போகும். ஆப்பில் உட்கார்ந்து இதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பதிவு கவுன்டரில் அடையாள அட்டையைக் காட்டி எண்ணை மாற்றச் சொல்லுங்கள், அங்கேயே நின்று ஆப்பைத் திறந்து ஓடிபி வருகிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது கோளாறு நம் ஊருக்கே உரியது, இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஆஸ்பத்திரியில் முன்னால் ஒற்றை எழுத்தாக இருக்கும், லேபில் இனிஷியலே இருக்காது, கல்யாணமான பெண்களுக்கு ஒரு இடத்தில் அப்பா இனிஷியல், இன்னொரு இடத்தில் கணவர் இனிஷியல். பிறந்த வருடமும் அப்படித்தான், கவுன்டரில் கேட்டபோது வயது அறுபது என்று உத்தேசமாகச் சொல்லியிருப்பார்கள். மனிதக் கண்ணுக்கு இதெல்லாம் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். ஒரே ஆஸ்பத்திரியிலேயே ஒருவருக்கு இரண்டு யூஹெச்ஐடி நம்பர் (ஆஸ்பத்திரி ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுக்கும் அடையாள எண்) இருப்பது சாதாரணம், பாதி ரிப்போர்ட் ஒன்றிலும் மீதி இன்னொன்றிலும் கிடக்கும். அதனால் போர்டலில் நுழைந்ததும் முதல் வேலையாக, கையில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டுகளில் உள்ள நம்பரையும் ஆப்பில் உள்ள நம்பரையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் அது தானாக நடக்காது. பெயரும் பிறந்த தேதியும் எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டால் பிறகு ஆபாவோடு இணைக்கும்போது தலைவலி பாதியாகக் குறையும்.

ஆபா

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற திட்டத்தின் கீழ், தேசிய சுகாதார ஆணையம் நடத்தும் கணக்கு இது. நாடு முழுவதற்கும் 2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பட்டது. 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும், கூடவே மின்னஞ்சல் முகவரி மாதிரி ஒரு ஆபா முகவரியும் வைத்துக்கொள்ளலாம். பணம் கிடையாது, கட்டாயமும் கிடையாது. ஆதாரோடு இணைந்த கைபேசி கையில் இருந்தால் வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆதாரில் உள்ள எண் செத்துப்போயிருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வருவதுதான் நேர்வழி.

இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறேன். ஆபா காப்பீட்டு அட்டை இல்லை. ஐந்து லட்ச ரூபாய் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் அட்டை வேறு, நம் முதல்வர் காப்பீட்டு அட்டை வேறு, ஆபா வேறு. ஆபாவைக் காட்டினால் பில் குறையாது. இன்னொன்று, ஆபா எடுத்த மறுநாளே பழைய ரிப்போர்ட்டெல்லாம் அதில் வந்து விழுந்திருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி வராது. ஆவணங்கள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயேதான் இருக்கும், ஆபா அவற்றை உங்கள் பெயரில் கோத்துக் காட்டும் வேலையைத்தான் செய்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியோ லேபோ இந்தத் திட்டத்தில் இணைந்திருந்தால், ஆபா ஆப்பில் அந்த ஆஸ்பத்திரியின் பெயரைத் தேடி, உங்கள் பதிவுகளைக் கண்டுபிடித்து, இணைக்கலாம். முன்னே சொன்ன பெயர், பிறந்த வருடம், கைபேசி எண் பொருத்தம் எல்லாம் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். இணையாத இடத்து ரிப்போர்ட்டுகளை நீங்களே படமெடுத்து ஆப்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல தனியார் இடங்களிலும் ஓ.பி. கவுன்டரில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருப்பார்கள். அதை ஆபா ஆப்பால் ஸ்கேன் செய்து விவரங்களைப் பகிர்ந்தால் டோக்கன் நம்பர் வந்துவிடும், பெயர் வயது முகவரி எல்லாம் சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. முட்டிவலியோடு போகும் பெரியவர்களுக்கு இது ஒன்றே பெரிய உபகாரம்.

ஒரு டாக்டரோ ஆஸ்பத்திரியோ உங்கள் பழைய பதிவுகளைப் பார்க்க விரும்பினால் ஆப்பில் சம்மதம் கேட்டு வரும். கண்ணை மூடிக்கொண்டு ‘ஓகே’ அழுத்த வேண்டாம். யார் கேட்கிறார்கள், எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரையான பதிவுகள், எத்தனை நாள் வரை பார்க்க முடியும் என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருக்கும், குறைத்துக் கொடுக்கவும் முடியும். கண் டாக்டருக்குச் சுகர் ரிப்போர்ட் தேவை, அதற்காகப் பத்து வருடத்துக் கோப்பு முழுவதையும் ஒரு வருடத்துக்குத் திறந்துவிட வேண்டியதில்லை. கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய காகிதங்களை ஏற்றுவது

துணிக்கடைப் பையில் உள்ள எல்லாவற்றையும் ஏற்ற உட்கார்ந்தால் இரண்டாவது மணி நேரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். கடைசி இரண்டு மூன்று வருடத்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் பரிசோதனைகள், கொழுப்புப் பரிசோதனை, எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும், கண் பரிசோதனை முடிவுகள், ஈசிஜி எக்கோ, இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போன விவரம், இவ்வளவு போதும். சுகர் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வருடம் எது என்பதற்கு ஏதாவது காகிதம் இருந்தால் அதையும் சேருங்கள், ஏனென்றால் எத்தனை வருடமாகச் சுகர் என்று புது டாக்டர் யாரும் கேட்காமல் இருக்க மாட்டார். 2016-ல் பார்த்த வெறும் வயிற்றுச் சுகர் அளவால் இனி யாருக்கும் பயனில்லை, அது பையிலேயே இருக்கட்டும்.

படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், காகிதத்தை மேஜையில் விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். பெயரும் தேதியும் லேபின் பெயரும் படத்துக்குள் விழ வேண்டும், எண்கள் மட்டும் தெரியும் பாதிப் படத்தால் எந்த டாக்டருக்கும் உதவியில்லை. வழவழப்பான தாளில் வரும் ஈசிஜியும் மிஷின் சீட்டும் சீக்கிரம் மங்கிவிடும், அவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள், பிறகு பரிசோதனையின் பெயர் என்று வைத்தால் கைபேசி தானாகவே காலவரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும்.

எண்களைப் படிப்பது

எல்லாரும் பயப்படுவதும் இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போர்டலில் ரிப்போர்ட்டைத் திறந்தால் சில எண்கள் சிவப்பாகவோ தடித்த எழுத்திலோ பக்கத்தில் ‘ஹை’ என்ற குறியோடோ இருக்கும். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே இராத்திரி பத்து மணிக்கு அதைப் பார்த்துவிட்டு வீடே தூங்காது. எச்பிஏ1சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கும் 5.7-க்குக் கீழ் என்ற அளவு சுகர் இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே சுகர் உள்ள பெரும்பாலானவர்களுக்கு டாக்டர்கள் வைக்கும் இலக்கு 7-க்குக் கீழ், வயதானவர்களுக்கும் வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் 8 வரைகூடத் தளர்த்துவார்கள். ஆகவே 6.8 என்று வந்த அப்பாவின் ரிப்போர்ட் சிவப்பாக இருக்கலாம், ஆனால் அவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். உங்களுக்கு எந்த எண் இலக்கு என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டு, ஆப்பிலோ நோட்டிலோ பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் அச்சாகும் ‘நார்மல்’ அளவை அதற்கப்புறம் பார்க்கவே வேண்டாம்.

எச்பிஏ1சி, சுருக்கமாக ஏ1சி, ஏறக்குறைய மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுவது. ஏ1சி 6 என்றால் சராசரி சுகர் 126, 7 என்றால் 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம் என்று இன்று இராத்திரி பட்டினி கிடந்தால் வெறும் வயிற்று அளவு குறையும், ஏ1சி அசையாது. கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை, மருந்து மாற்றியவர்களுக்கும் இலக்கை எட்டாதவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது வழக்கம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் ஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ சிறுநீரகம் ரொம்பப் பழுதாகியிருந்தாலோ அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டில் பார்க்கும் அளவுகள் நன்றாக இருந்து ஏ1சி மட்டும் உயரமாக வந்தால், ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சிவப்புக் குறியே இல்லாமல் ஆபத்து வருவதும் உண்டு. சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண் 60-க்கு மேல் இருந்தால் பல லேப்கள் எந்தக் குறியும் போடாது. ஒருவருக்கு முதல் வருடம் 92, அடுத்த வருடம் 81, அதற்கடுத்த வருடம் 70 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ரிப்போர்ட்டும் தனித்தனியாகச் சிவப்பில்லாத ரிப்போர்ட்டுகள். மூன்று வெவ்வேறு டாக்டர்கள் பார்த்திருந்தால் மூவரும் ‘பரவாயில்லை’ என்றே சொல்லியிருப்பார்கள். வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது வருடா வருடம் இறங்கிக்கொண்டிருப்பது தெரியும். சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்ற பரிசோதனையும் இதே ரகம், 30-க்குக் கீழ் இருக்க வேண்டும், ஒரு வலியும் ஒரு வீக்கமும் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது ஏற ஆரம்பித்துவிடும். இதைப் பலருக்கு எழுதிக் கொடுப்பதே இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை நீங்களாகவே கேட்டு எடுங்கள்.

சில போர்டல்களில் ஒரே பரிசோதனையின் பழைய முடிவுகளை வரைபடமாகக் காட்டும் பொத்தான் இருக்கிறது. எண்ணின் மேல் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படி இல்லாவிட்டால் ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஏ1சி, இரத்த அழுத்தம், எல்டிஎல் கொழுப்பு, இஜிஎஃப்ஆர், சிறுநீர் அல்புமின். வருடத்துக்கு இரண்டு வரி எழுதினால் போதும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் கருவியும் முறையும் மாறும், 7.2-க்கும் 7.4-க்கும் உள்ள வித்தியாசம் நோயினால் வந்ததா லேபினால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. லண்டனிலும் டொரண்டோவிலும் சுகரை வேறு அளவில் சொல்வார்கள். 7.5 என்று போட்டிருந்தால் 18-ஆல் பெருக்குங்கள், 135. லண்டன் ரிப்போர்ட்டில் ஏ1சி 53 என்று பார்த்துப் பதறாதீர்கள், அது இங்கே 7. நோட்டில் எழுதும்போது நம் கணக்குக்கு மாற்றியே எழுதுங்கள்.

வீட்டில் பார்க்கும் அளவுகள்

குளுக்கோமீட்டர் அளவுகளைப் பதிவு செய்ய ஆப்பில் இடம் இருக்கும். வெறும் எண்ணாகப் போட்டால் பிறகு உங்களுக்கே புரியாது. 186 என்றால் எப்போது பார்த்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது, என்ன சாப்பிட்டது? ‘சாப்பிட்ட பின்’ என்பது முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம், கை கழுவியதிலிருந்து இல்லை. பலருக்கு இலக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதுங்கள்: ‘பொங்கல், வடை’, ‘கல்யாணச் சாப்பாடு’, ‘மாத்திரை மறந்தாச்சு’, ‘காய்ச்சல்’, ‘முட்டிக்கு ஊசி போட்டது’. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள், ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளைக்குச் சுகர் எகிறும், டாக்டருக்கு அது தெரியாவிட்டால் சுகர் மாத்திரையைக் கூட்டிவிடுவார்.

தினமும் காலையில் மட்டும் பார்ப்பதைவிட, ஒரே உணவுக்கு முன்னும் பின்னும் என்று ஜோடியாகப் பார்த்தால் எந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்று தெரியும். இந்த வாரம் காலைச் சாப்பாடு, அடுத்த வாரம் இரவுச் சாப்பாடு என்று மாற்றிப் பாருங்கள், ஸ்ட்ரிப்பும் வீணாகாது. இன்சுலின் போடுபவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன நேரப்படியே பார்க்க வேண்டும்.

மீட்டரை லேப் கருவி மாதிரி நினைக்கவும் கூடாது. 100-க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் முன்பின் இருந்தால்கூடச் சர்வதேசத் தரம் அதை ஏற்றுக்கொள்கிறது. 150-ம் 165-ம் ஒரே அளவாக இருக்கலாம். மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் இல்லாத சுகர் தெரியும், சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு அளவுகள் தானாகவே ஆப்பில் ஏறிவிடும், ஆனால் அது இரத்தத்தில் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தில் பார்க்கிறது, அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். உடம்பு தாழ்சர்க்கரை மாதிரி நடுங்குகிறது, சென்சார் 95 என்கிறது என்றால் விரலில் குத்திப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள் நிறையப் பேர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் அது. வீட்டுக்கு வரும் ஊழியர் பிரஷரும் சுகரும் பார்த்தால் அந்த எண்களையும் உங்கள் நோட்டில் எழுதி வாங்குங்கள். அவர்கள் பதிவு அவர்களிடம் இருக்கும், உங்கள் வரிசையில் ஓட்டை விழக் கூடாது.

மருந்துப் பட்டியல்

போர்டலில் ஆளே திறக்காத பக்கம் இது. ஆனால் வீட்டில் வயதானவர் இருந்தால் முதலில் சரிபார்க்க வேண்டியதும் இதுதான். இரண்டு டாக்டர்களிடம் போகும்போது ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்துவிடும். சுகர் மாத்திரைகளில் பல கூட்டு மாத்திரைகள், உதாரணமாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும். ஆஸ்பத்திரியில் தனி மெட்ஃபார்மின் எழுதியிருப்பார்கள், கிளினிக்கில் கூட்டு மாத்திரை, பாட்டி இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அட்டையைத் திருப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பட்டியலில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

டாக்டர் நிறுத்திய மருந்து போர்டலில் மாதக்கணக்காக அப்படியே நிற்கும். வெளியூரில் மயங்கி விழுந்து, அங்குள்ள டாக்டர் அந்தப் பட்டியலைப் பார்த்து மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? அதனால் ஒவ்வொரு தடவையும் டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன் ‘எதை நிறுத்தினீர்கள், எதைக் கூட்டினீர்கள்’ என்று கேட்டு, அதைப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். சித்தா, ஆயுர்வேத மருந்துகள், கசாயம், பொடி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள், திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள், அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கக்கூடியது, பி12 குறைந்தாலும் காலில் எரிச்சல் வரும், எல்லாவற்றையும் சுகர் மேல் போட்டுவிட முடியாது.

டாக்டருக்குச் செய்தி அனுப்புவது

சில போர்டல்களில் செய்தி அனுப்ப இடம் இருக்கும், சில ஆஸ்பத்திரிகள் ஒரு வாட்ஸப் எண் கொடுத்திருக்கும். எங்கே அனுப்பினாலும் ‘சார் சுகர் ஜாஸ்தியா இருக்கு என்ன பண்றது’ என்று எழுதினால் ‘நேரில் வாருங்கள்’ என்றுதான் பதில் வரும், அவர்களும் வேறென்ன சொல்ல முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம் டாக்டர். யூஹெச்ஐடி நம்பர் இது. வயது 64. போன வாரம் இரவு மாத்திரையைக் கூட்டினீர்கள். அதிலிருந்து 5 நாளில் 3 நாள் விடிகாலையில் 70-க்குக் கீழ், வியர்க்கிறது. இரவு 8 மணிக்கு இரண்டு இட்லி, 10 மணிக்குத் தூக்கம். மாத்திரை அளவைக் குறைக்கலாமா, நேரில் வர வேண்டுமா?’

யார், என்ன மாறியது, எண்கள், உடம்பு என்ன சொல்கிறது, ஒரே ஒரு கேள்வி. இதற்குப் பதில் வரும்.

ஆனால் அவசரத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கவே கூடாது. சுகர் 70-க்குக் கீழே போய் நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அதற்கும், சுகர் 300-க்கு மேல் போய் வாந்தியோ மூச்சு வாங்குவதோ வந்தாலும், நெஞ்சு வலித்தாலும், வாய் கோணினாலும் 108-தான். டாக்டர் அருகில் இல்லாத ஊர்களில் அவசரமில்லாத சந்தேகங்களுக்கு அரசின் இ-சஞ்சீவனி வழியாக இலவசமாகவே வீடியோவில் டாக்டரிடம் பேசலாம், பேசும்போது அந்த ஐந்து கட்ட நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவின் கணக்கைப் பிள்ளைகள் பார்ப்பது

பிள்ளை பெங்களூரிலோ துபாயிலோ இருப்பான், அம்மா மன்னார்குடியில். அவன் எண்ணையே போர்டலில் போட்டுவிட்டால் வசதி என்று தோன்றும், ஆனால் அம்மா ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்கும்போது ஓடிபி துபாய்க்குப் போகும், அவன் மீட்டிங்கில் இருப்பான். அம்மாவின் சொந்த எண்ணிலேயே கணக்கு இருக்கட்டும். பல ஆஸ்பத்திரி ஆப்களில் குடும்ப உறுப்பினரைச் சேர்க்கும் வசதி உண்டு, அதன் வழியாக நீங்கள் உங்கள் ஆப்பிலிருந்தே பார்க்கலாம். அந்த வசதி இல்லையென்றால் ரிப்போர்ட் வந்ததும் பிடிஎஃப்பைத் தனியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் போட வேண்டாம், சித்தப்பா முதல் சம்பந்தி வரை அம்மாவின் சுகரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அடுத்த தடவையிலிருந்து அம்மா ரிப்போர்ட்டையே காட்ட மாட்டார்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பார்க்கும் உரிமை கிடைத்ததும் பல பிள்ளைகள் போலீஸ்காரர் ஆகிவிடுகிறார்கள். ‘210 வந்திருக்கு, என்ன தின்னே?’ என்று போனில் கேட்டால், மறுநாள் அம்மா சுகர் பார்ப்பதையே நிறுத்திவிடுவார், அல்லது நல்ல எண் வந்தால் மட்டும் எழுதுவார். வரிசை கெட்டுப்போகும். எண்ணைப் பற்றிப் பேசும் முன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், கால் எரிகிறதா, தூக்கம் வருகிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். கணக்கைத் திறப்பதற்கு முன்பே ‘நான் பார்க்கலாமா’ என்று கேட்டுவிடுங்கள், பெற்றவர்கள்தான் என்றாலும் உடம்பு அவர்களுடையது.

ஆபா புதுப்பிக்க வேண்டும், ரிப்போர்ட் தயார், பணம் திரும்ப வருகிறது என்று யாராவது கூப்பிட்டு ஓடிபி கேட்டால் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்களிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லி வையுங்கள். பிரவுசிங் சென்டரில் ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்தால் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய ஃபைலையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும் வாரம்

பரிசோதனைக்கான இரத்தத்தை மூன்று நான்கு நாள் முன்பே கொடுத்துவிட்டால், போகும்போது ரிப்போர்ட் போர்டலில் இருக்கும், ஒரே சந்திப்பில் வேலை முடியும். முந்தின இரவு ஒரு தாளில் நாலே விஷயம் எழுதுங்கள்: ஐந்து கட்டத்தின் கடைசி மூன்று வரி, வீட்டு அளவுகளில் மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் எப்போது வந்தது, தவறவிட்ட மருந்துகள், கேட்க வேண்டிய இரண்டு கேள்வி. டாக்டர் முன்னால் உட்கார்ந்து கைபேசியில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்கும் சில நிமிடமும் போய்விடும். சிக்னல் கிடைக்காத கட்டிடங்களும் உண்டு.

வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டியவற்றைப் போர்டலின் நினைவூட்டலிலோ கைபேசி காலண்டரிலோ போட்டுவிடுங்கள்: கண்மணியை விரித்து விழித்திரைப் பரிசோதனை, செருப்பையும் சாக்ஸையும் கழற்றிக் கால் பரிசோதனை, சிறுநீர் அல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு. கண் பரிசோதனைக்கு மட்டும் துணைக்கு ஒருவர் வேண்டும், சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டக் கூடாது. அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வரும், சுகர் டாக்டரின் போர்டலில் தானாகச் சேராது. வீட்டுக்கு வந்த அன்றே படமெடுத்து ஏற்றிவிடுங்கள்.

மருந்துப் பட்டியல், ஒத்துக்கொள்ளாத மருந்து, இரத்த வகை, ஆபா எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு எண்கள், இவ்வளவையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மருந்து மாறும் ஒவ்வொரு தடவையும் பழைய அட்டையைக் கிழித்துவிட்டுத் தேதி போட்டுப் புதிது எழுதுங்கள்.